சின்ன லேத்துக்கு முதல் டூல்கள்: என் அனுபவம்

குன்னூரில் என் வீட்டு லேத்தோடு (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்) வந்த கார்பைடு (மிகக் கடினமான வெட்டுப் பொருள்) டூல்களில் கடைந்தால், மைல்டு ஸ்டீல் கம்பி சொரசொரவென்றே நின்றது. டூல் முனையும் பொரிந்தது. கார்பைடுக்கு வேகமும் உறுதியான மெஷினும் வேண்டும். அதனால் கோவையில் 8 மி.மீ. எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) பிட், அதாவது தீட்டிப் பயன்படுத்தும் எஃகுத் துண்டு, வாங்கினேன். சாதாரண சாம்பல் நிறச் சாணைச் சக்கரத்திலேயே தீட்டலாம். சூடேறினால் தண்ணீரில் முக்கலாம். முன்னாலும் பக்கவாட்டிலும் சுமார் 10 டிகிரி சரிவு, மூக்கில் (வெட்டும் முனையில்) எண்ணெய்க் கல்லால் லேசான உருட்டல்.

அப்புறம் டூலின் உயரம். ஃபேசிங் (கம்பியின் முனை முகத்தைத் தட்டையாகக் கடைவது) செய்யும்போது நடுவில் குமிழ் மிஞ்சினால், டூல் முனை கம்பியின் மைய உயரத்தில் இல்லை. என் டூல் தாழ்ந்திருந்ததால் தகரத் துண்டுகளை அடியில் கொடுத்து, குமிழ் மறையும்வரை ஏற்றினேன். பரப்பு வழவழப்பாகிவிட்டது.

தொடக்கத்துக்கு டர்னிங் (வெளிப்பரப்பைக் கடைய), ஃபேசிங், பார்ட்டிங் (துண்டாக வெட்டி எடுக்க) டூல்கள் போதும். துளையை உள்ளே கடைந்து பெரிதாக்கும் போரிங் பார் பிறகு வாங்கலாம். இந்த மலை ஈரத்தில் எச்.எஸ்.எஸ்.கூடத் துருவேறும், எண்ணெய் தடவியே வையுங்கள்.