நெஞ்சடிக்கு ஐ.சி.டி-10 குறியீடு இடுவது எப்படி

நெஞ்சில் அடிபட்டு வந்து, ஓரிரவு வோட்டில் வைத்துப் பார்த்து, அடுத்த நாள் ரிக்கெற் (நோயாளியின் வோட்டுக் குறிப்பேடு) வெட்டி அனுப்பப்பட்டவரின் பதிவு, ஆஸ்பத்திரிப் பதிவறையில் உங்கள் மேசைக்கு வரும். அதற்கு ஐ.சி.டி-10 (நோய்களின் சர்வதேச வகைப்பாடு) குறியீடு இட வேண்டும். பெரிதாக ஒன்றும் இல்லை என்ற நினைப்பில் எஸ்29.9 அல்லது ஆர்07.4 என்று போட்டுவிட்டு அடுத்த ரிக்கெற்றை எடுக்கத் தோன்றும். முன்னது ‘நெஞ்சுக் காயம், விபரமில்லை’. பின்னது ‘நெஞ்சு நோ, விபரமில்லை’. இரண்டும் புத்தகத்தில் உள்ள குறியீடுகள்தான். ஆனால் மாட்டோடு மோதி விழுந்தவரும், மாரடைப்போ என்று பயந்து வந்தவரும், பனையால் விழுந்தவரும் அந்த இரண்டுக்குள்ளும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். சிறு காயம் என்பதற்காக விபரமில்லாக் குறியீடு போட வேண்டியதில்லை. என்ன காயம், எந்த இடத்தில், எப்படி நடந்தது ஆகிய மூன்றும் ரிக்கெற்றில் இருந்தால் சரியான குறியீட்டை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

முதலில் எந்தப் பதிப்பைப் பார்க்கிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள். அரச ஆஸ்பத்திரிகளின் உள்நோயாளர் அறிக்கைக்கு, அதாவது இ-ஐ.எம்.எம்.ஆருக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10தான் பாவனையில் உள்ளது. கைபேசியில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் எஸ்20.211ஏ போன்ற ஏழு இடக் குறியீடு. அது அமெரிக்காவின் ஐ.சி.டி-10-சி.எம். அதில் வலப்பக்கம், இடப்பக்கம், சிகிச்சைக் கட்டம் எல்லாவற்றுக்கும் தனித்தனி எழுத்தோ இலக்கமோ உண்டு. எஸ்20.211ஏ குறிப்பது நெஞ்சுச் சுவரின் கண்டல் (தோல் கிழியாமல் கன்றிய காயம்). உலகப் பதிப்பில் அதே கண்டலுக்கு எஸ்20.2 மட்டும்தான். அமெரிக்க நிறுவனங்களுக்காக இங்கிருந்து பில்லிங் வேலை செய்பவர்களுக்குச் சி.எம். தேவை, ஆஸ்பத்திரிப் பதிவறைக்குத் தேவையில்லை. இரண்டையும் கலந்தால் கணினி குறியீட்டை ஏற்காது. அப்படி வந்தால் கடைசி எழுத்துகளை வெட்டிவிட்டு மிச்சத்தைப் போடாதீர்கள். சில இடங்களில் நான்காம் இலக்கமே இரு பதிப்பிலும் வேறு பொருள் தரும்.

தேடும்போது ஐ.சி.டி-10 புத்தகத்தின் மூன்றாம் தொகுதியிலுள்ள அகரவரிசையில் தொடங்குங்கள். தலைச்சொல் உடலுறுப்பு அல்ல, காயத்தின் வகை. ‘செஸ்ற்’ (நெஞ்சு) என்று தேடினால் அலைவீர்கள். ‘கன்ரியூஷன்’ (கண்டல்), ‘இஞ்சரி, சுப்பர்ஃபிஷல்’ (மேலோட்டமான காயம்), ‘ஃபிரக்சர்’ (முறிவு) என்று தேடி, அதன் கீழ் நெஞ்சை எடுங்கள். கிடைத்த குறியீட்டை முதலாம் தொகுதியில் போய்ப் பார்க்காமல் எழுதக் கூடாது. அந்தக் குறியீட்டுக்குள் எது அடங்கும், எது அடங்காது என்ற சேர்ப்பு, விலக்குக் குறிப்புகள் அங்கேதான் இருக்கின்றன.

நெஞ்சுப் பகுதிக் காயங்கள் எஸ்20 முதல் எஸ்29 வரை. சிறு காயங்களில் பல எஸ்20க்குள் அடங்கிவிடும். மார்பகக் கண்டல் எஸ்20.0, மார்பகத்தின் வேறு மேலோட்டமான காயம் எஸ்20.1, நெஞ்சுச் சுவரின் கண்டல் எஸ்20.2. உரஞ்சல், கொப்புளம் போன்றவை முன்புறமென்றால் எஸ்20.3, முதுகுப்புறமென்றால் எஸ்20.4. ஒன்றுக்கு மேற்பட்ட மேலோட்டமான காயங்கள் இருந்தால் எஸ்20.7. தையல் போட்ட வெட்டுக்காயம் எஸ்21க்குப் போகும்: முன்சுவர் எஸ்21.1, பின்சுவர் எஸ்21.2. விலா எலும்பிலோ நெஞ்செலும்பிலோ சுளுக்கு என்று வைத்தியர் எழுதியிருந்தால் எஸ்23.4. தசை, தசைநார்க் காயம் எஸ்29.0.

எல்லையில்தான் பலர் வழுக்குகிறார்கள். இரு தோட்பட்டைகளுக்கும் நடுவிலுள்ள முதுகு நெஞ்சைச் சேர்ந்தது. தோட்பட்டை, காறை எலும்பு, கமக்கட்டு மூன்றும் எஸ்40 முதல் எஸ்49 வரையானவை. ‘மேல் நெஞ்சில் அடி, காறை எலும்பு முறிவு’ என்றிருந்தால் முறிவுக்கு எஸ்42.0, விலா, நெஞ்செலும்பு முறிவுகளுக்கான எஸ்22ஐத் தொட வேண்டாம். சுடுநீர் ஊற்றுப்பட்ட நெஞ்சு இங்கே வராது, அது தீக்காயங்களுக்கான ரி21.

இனி விலா எலும்பு. ஒரு விலா முறிந்தால் எஸ்22.3, ஒன்றுக்கு மேல் என்றால் எஸ்22.4, நெஞ்செலும்பு எஸ்22.2. ஐந்தாம் இலக்கம் போடும் இடங்களில் மூடிய முறிவுக்கு 0, திறந்த முறிவுக்கு 1. எதுவும் எழுதப்படாவிட்டால் மூடியதாகவே எடுக்க வேண்டும். ரிக்கெற்றில் முறிவை # என்ற குறியால் எழுதுவார்கள். அதன் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள், அவசர எழுத்தில் அது ஒரு கீறலாகவே தெரியும். முதல் எக்ஸ்றேயில் விலா முறிவு தெரியாமல் போவது சாதாரணம். ஆகவே எக்ஸ்றே அறிக்கை ‘முறிவில்லை’ என்று சொல்ல, வைத்தியர் கடைசி நோய்நிர்ணயமாக ‘விலா முறிவு சந்தேகம்’ என்று எழுதியிருக்கலாம். உலகப் பதிப்பின் விதிப்படி, உள்நோயாளர் போகும்போதும் சந்தேகம் சந்தேகமாகவே இருந்து, வேறு தகவலும் இல்லாவிட்டால், அதை உறுதியானது போலவே குறியிட வேண்டும். அமெரிக்க வெளிநோயாளர் விதி இதற்கு நேர்மாறு, சந்தேகத்தைக் குறியிடவே கூடாது. இணையத்தில் படித்த விதியை இங்கே கொண்டுவருவதால் வரும் பிழைகளில் இதுதான் பெரியது. முறிவு இல்லையென்று வைத்தியரே தீர்மானித்துக் கண்டல் மட்டும் என்று எழுதியிருந்தால் எஸ்20.2. வீதி விபத்துக்குப் பின் வைத்துப் பார்த்து, காயமே இல்லையென்று அனுப்பினால் செட்04.1.

நெஞ்சறைக்குள் காற்றோ இரத்தமோ சேர்ந்திருந்தால் அது சிறு காயம் அல்ல. எஸ்27.0, எஸ்27.1, எஸ்27.2 ஆகியவற்றில் ஒன்றே முதன்மை நோயாக வரும். மேலே தெரிந்த உரஞ்சல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை முதலில் வைக்கக் கூடாது. அதேபோல, முறிந்த விலாவுக்கு மேலேயுள்ள கண்டலைத் தனியாகக் குறியிடத் தேவையில்லை.

எஸ் குறியீடு மட்டும் போட்டால் வேலை பாதிதான். எப்படி நடந்தது என்பதற்கு வி, டபிள்யூ, எக்ஸ், வை எழுத்துகளில் இன்னொரு குறியீடு வேண்டும். ‘ஆர்.ரி.ஏ.’ (வீதி விபத்து) என்ற மூன்று எழுத்து இதற்குப் போதாது. உதாரணமாக, காங்கேசன்துறை வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்தவர் கட்டாக்காலி மாட்டோடு மோதி, ஹான்டில் நெஞ்சில் இடித்துக் கண்டல்: எஸ்20.2, கூடவே வி20.4. பின்னால் இருந்தவருக்கு வி20.5. அதே ஆள் மதகில் மோதியிருந்தால் வி27.4, மணலில் சறுக்கித் தானே விழுந்திருந்தால் வி28.4. ஓட்டோவில் பயணியாக இருந்தவர் என்றால் வி30 முதல் வி39 வரை தேடுங்கள். அங்கே நான்காம் இலக்கத்தின் பொருள் மாறும்: வீதியில் நடந்த விபத்தில் சாரதிக்கு 5, பயணிக்கு 6. மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் 4, 5 என்று போட்டால் பயணி சாரதியாகிவிடுவார்.

பனையேறும் சீவல் தொழிலாளி பிடி நழுவி, மரத்தைக் கட்டிப்பிடித்தபடி சறுக்கி விழுந்த கேஸைப் பாருங்கள். நெஞ்சின் முன்புறம் முழுக்க உரஞ்சல், கீழ் விலாக்களின் மேல் ஒரு கண்டல். எஸ்20.7 எழுதி, இடமிருந்தால் எஸ்20.3, எஸ்20.2 இரண்டையும் சேர்க்கலாம். காரணம் டபிள்யூ14, மரத்தால் விழுதல். அதன் நான்காம் இலக்கம் இடத்தைச் சொல்லும்: வீட்டு வளவு என்றால் 0, தோட்டக் காணி என்றால் 7. சம்பளத்துக்கான வேலையில் இருந்தார் என்பதற்குச் செயற்பாட்டு இலக்கம் 2. வீட்டுக் கிணற்றுக்குள் விழுந்தால் டபிள்யூ17.0, வீட்டில் கட்டியிருந்த மாடு இடித்தால் டபிள்யூ55.0, தலைக்கு மேலிருந்து மட்டையோ தேங்காயோ விழுந்தால் டபிள்யூ20. விபத்து இடத்துக்கான நான்காம் இலக்கம் வீதி விபத்துக் குறியீடுகளுக்குப் பொருந்தாது.

அடிதடி என்று ரிக்கெற்றில் தெளிவாக இருந்தால் மட்டும் வை04 போன்றவற்றை எடுங்கள். உங்கள் ஊகத்தில் போட வேண்டாம். சட்ட வைத்திய அதிகாரி காயத்தைப் பாரதூரமானது, சாதாரணமானது என்று பிரிப்பது வேறு வேலை. அவருடைய படிவத்தைப் பார்த்துக் குறியீட்டையோ, குறியீட்டைப் பார்த்துப் படிவத்தையோ மாற்றக் கூடாது.

‘எஸ்.ரி.ஐ. செஸ்ற்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது மென்திசுக் காயம். (அதே சுருக்கம் பாலியல் தொற்றுக்கும் உண்டு, கணினியில் சுருக்கத்தைத் தட்டித் தேடாதீர்கள்.) கண்டலா, தசைக் காயமா என்று அதிலிருந்து தெரியாது. வோட்டுக்கு ஒரு சிறு துண்டு அனுப்புங்கள். “கண்டல்தானே, எஸ்20.2 போடட்டா?” என்று கேட்டால் ஓம் என்றுதான் பதில் வரும். “காயத்தின் வகை என்ன? முன்புறமா, பின்புறமா? எப்படி அடிபட்டது?” என்று திறந்த கேள்வியாகக் கேளுங்கள். பதிலை வைத்தியர் ரிக்கெற்றிலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். தொலைபேசியில் சொன்னதை நீங்கள் எழுதிச் சேர்ப்பது செல்லாது. பதில் வராவிட்டால் அப்போதுதான் எஸ்29.9.

நோ கூடிச் சில நாளில் திரும்பி வந்து, இரண்டாம் எக்ஸ்றேயில் விலா முறிவு தெரிந்தால் அந்த அனுமதிக்கு எஸ்22.3. முதல் அனுமதியின் எஸ்20.2ஐ அப்படியே விடுங்கள், அன்றைய ரிக்கெற்றில் இருந்தது அதுதான். ஒரு வருடமோ அதற்கு மேலோ கழித்து, பழைய முறிவின் பின்விளைவாக நோவென்று வந்தால் எஸ் குறியீடு பொருந்தாது. நோவுக்கான குறியீடு முதலில், முறிவின் பின்விளைவைச் சொல்லும் ரி91.2 பக்கத்தில், மோட்டார் வாகன விபத்தாக இருந்தால் அதன் பின்விளைவுக்கான வை85.0 கடைசியில்.