ஷெர்லி சிஸ்ஹோமைப் பற்றி ஐந்து நிமிடம் பேச பிள்ளையைத் தயார் செய்வது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்காக எழுதுகிறேன். அமெரிக்க அரசியல்வாதி ஷெர்லி சிஸ்ஹோமைத் தேர்ந்தெடுத்தீர்களா, ரொம்ப நல்லது, ஆனால் "1924இல் புரூக்ளினில் பிறந்தார்" என்று மட்டும் தொடங்க விடாதீர்கள். கேட்கிறவர் மனதில் ஆண்டு ஒட்டாது.

1969இல் தொடங்குங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பினப் பெண் அவர், போனதும் விவசாயக் குழுவில் போட்டார்கள். அவர் தொகுதியோ நியூயார்க் நகரத்துப் புரூக்ளின், தெருவும் கடையும் அடுக்குமாடியும்தான், அங்கே வயலுக்கு எங்கே போவது? புதிதாக வந்தவர் பேசாமல் இருப்பதுதான் அங்கே வழக்கம். அவர் எழுந்து எதிர்த்தார், முன்னாள் படைவீரர் நலக் குழுவுக்கு மாற்றினார்கள். "வயல் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளை மூன்று எண்ணும் வரை நிறுத்தட்டும்.

அப்புறம் பின்னால் போங்கள். அம்மா பார்படோஸ்காரர், தையல் வேலை செய்தவர். ஷெர்லி சின்ன வயதில் சில வருடம் அங்கே பாட்டியிடம்தான் வளர்ந்தார். அதுவும் கரும்புத் தீவு. 1860 முதல் இந்தியாவிலிருந்து இங்கே நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

மாநிலச் சட்டமன்றம் எது, நாட்டின் நாடாளுமன்றம் எது என்ற குழப்பத்துக்கு ஒரு வரி போதும். நமக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சட்டமன்றமும் கேப் டவுன் நாடாளுமன்றமும் மாதிரி. நாம் பெரும்பாலும் கட்சிக்கு வாக்குப் போடுகிறோம், அங்கே தொகுதிக்கு ஒருவர். 1965 முதல் 1968 வரை நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தபோது, வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு வேலையிழப்புக் காப்பீடு வாங்கிக் கொடுத்தார். நம் நாட்டில் அது 2003இல்தான் வந்தது, இதைக் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள்.

1972இல் அதிபர் வேட்பாளராக நிற்க முயன்றதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நேரத்தை வாலஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், இனப் பிரிவினைக்காகவே பேர் போனவர், அதே தேர்தலில் நின்றபோது சுடப்பட்டார். ஷெர்லி மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்தார், சொந்த ஆதரவாளர்களே கோபப்பட்டார்கள். என் மகள் சமையலறையில் இதை ஒத்திகை பார்த்தபோது, எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் வீட்டை விட்டு இங்கே வந்த என் அம்மா, உரித்துக்கொண்டிருந்த பூண்டைக் கீழே வைத்துவிட்டு "அவனையா போய்ப் பார்த்தாள்?" என்றார். மகளிடம் பதில் இல்லை. இரண்டு நாள் யோசித்து அவளே ஒரு பதில் எழுதினாள், அதற்கு இடம் வேண்டும் என்று தேதிகள் எல்லாவற்றையும் வெட்டினோம்.

அதனால் மேடைக்கு முன்னால் வீட்டுப் பாட்டியிடம் ஒரு தடவை பேசிக் காட்டச் சொல்லுங்கள். அவர் எங்கே குறுக்கே கேட்கிறாரோ, அந்த இடத்தில் பேச்சை நீட்டுங்கள்.