சிறுமியருக்கு வலைப்பந்தாட்டப் பயிற்சி முகாம் நடத்துவது எப்படி

வடமாகாணப் பாடசாலைகளில் வலைப்பந்தாட்டம் பெரும்பாலும் போட்டிக் காலத்தை ஒட்டியே உயிர்பெறுகிறது. கோட்டமட்டப் போட்டிக்குத் திகதி வந்ததும் உயரமான, வேகமான பன்னிரண்டு பேர் தெரிவாவார்கள். இரண்டு கிழமை கடும் பயிற்சி நடக்கும், போட்டி முடியும், பந்து அலுமாரிக்குள் போய்விடும். தெரிவாகாத பிள்ளைகள் அந்த இரண்டு கிழமையும் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். விடுமுறையில் நடத்தும் பயிற்சி முகாம் முதலில் அந்தப் பிள்ளைகளுக்கானது என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால், எத்தனை பந்து வாங்குவது, யாரை எங்கே நிறுத்துவது என்ற மற்றத் தீர்மானங்கள் பலவும் தாமாகவே சரியாக அமைந்துவிடும். இங்கே நான் எழுதுவது தரம் 5 முதல் தரம் 8 வரையான மாணவியருக்கு, மூன்று நாள் முகாம் ஒன்றை, ஒரு பாடசாலை மைதானத்தில் நடத்தும் முறை.

காலத்தைத் தெரிவதில் அவசரப்படக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் சேறாகிவிடும். ஆகஸ்ட் விடுமுறை பொருத்தமானது. ஆனால் அப்போது சோழகக் காற்று வீசும், வெயிலும் கடுமையாக இருக்கும். ஆகவே காலை 6.30 மணிக்குத் தொடங்கி 9.30 மணிக்குள் முடித்துவிட வேண்டும். பிற்பகலில் ரியூசன் வகுப்புகள் இருப்பதால் பெற்றோருக்கும் காலை நேரமே வசதி. அதிபரின் எழுத்து மூல அனுமதியைப் பெற்று, பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். கம்பமோ பந்தோ இரவல் தேவைப்படும்போது அந்த அறிமுகம் உதவும்.

பெற்றோரின் சம்மதப் படிவத்தில் கையொப்பம் மட்டும் போதாது. இழுப்பு, பழைய முறிவு, ஒவ்வாமை, தொடர்ந்து எடுக்கும் மருந்து, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இரண்டு தொலைபேசி இலக்கங்கள், பிள்ளையை அழைத்துச் செல்ல யார் வருவார் என்பது ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். முகாம் முடியும்வரை குறைந்தது இரண்டு பெண்கள் பொறுப்பாக மைதானத்தில் நிற்பதும், மலசலகூடம் திறந்து தண்ணீருடன் இருப்பதும், ஆசிரியையின் பையில் அணையாடை இருப்பதும் கட்டாயம். இவற்றைப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். கேட்கும் நிலைக்கு அவர்களை விடவும் கூடாது. உடை பற்றி முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள். நீளக் காற்சட்டை அணிந்து வருவதும், முஸ்லிம் மாணவியர் தலையை மூடி வருவதும் ஆட்டத்துக்கு எவ்விதத்திலும் தடையல்ல. இதை அறிவித்தலிலேயே எழுதினால், தயங்கி நிற்கும் சில குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பும். நகம் குட்டையாக வெட்டியிருக்க வேண்டும் என்பதும் ஆபரணம் அணியக் கூடாது என்பதும் ஆட்ட விதிகளிலேயே உள்ளவை. ஆகவே தோடு, காப்பு, மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருமாறு சொல்லுங்கள், ஏனெனில் மைதானத்தில் கழற்றிய தோடு தொலைந்தால் முகாமின் பெயரே கெட்டுவிடும்.

முகாம் தொடங்குவதற்கு முந்திய நாள் மாலை மைதானத்தை நீங்களே நடந்து பாருங்கள். நெருஞ்சி முள், கண்ணாடித் துண்டு, மாடு மிதித்த குழி ஆகியவற்றைச் சீர்செய்யாமல் கோடு போடக் கூடாது, ஏனென்றால் எங்கள் பிள்ளைகளில் பலர் வெறுங்காலுடனோ செருப்புடனோதான் வருவார்கள். முழு ஆடுகளம் 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் உடையது. நீளத்தை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 10.17 மீற்றர் வரும். கோல் வட்டம் உண்மையில் அரைவட்டம். கோல் கோட்டின் நடுவில் ஒரு முளையை அடித்து, 4.9 மீற்றர் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் சுண்ணாம்புத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒரே தடவையில் போட்டுவிடலாம். நடுவிலுள்ள சிறு வட்டத்தின் விட்டம் 0.9 மீற்றர். கம்பத்துக்குப் பழைய மெத்தைப் பஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

பந்தெண்ணிக்கையில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பந்து இருக்க வேண்டும். எவ்வளவு முயன்றும் முடியாவிட்டால் மூவருக்கு ஒன்று. அதற்குக் கீழே போனால் முகாமுக்கு வருபவர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய முதல் முகாமுக்கு முப்பது பேர் வந்தார்கள். கையில் நான்கு பந்துகள்தான் இருந்தன. நான்கு வரிசையாக நிறுத்தி, முன்னால் நிற்பவர் எறிந்துவிட்டு வரிசையின் பின்னால் ஓட வேண்டும் என்று நடத்தினேன். பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருந்தது. கடைசி வரிசையில் நின்ற ஒரு சிறுமியை மட்டும் கவனித்து எண்ணியபோது, நாற்பது நிமிடத்தில் அவள் பந்தைத் தொட்டது ஒன்பது தடவை. மிச்ச நேரமெல்லாம் தன் முன்னால் நின்றவளின் பின்னலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்றிலிருந்து வரிசை என்பதை நான் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போதும் ஒவ்வொரு முகாமிலும் யாராவது ஒரு பிள்ளையைத் தெரிந்து, பத்து நிமிடத்தில் எத்தனை தடவை பந்து அவள் கைக்கு வருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்கிறேன். ஐம்பதுக்குக் குறைந்தால் அந்தப் பயிற்சியை மாற்றிவிடுகிறேன்.

பந்தின் அளவும் கம்பத்தின் உயரமும் பிள்ளைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வளர்ந்தோர் ஆட்டத்தில் வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும், பந்து 5ஆம் இலக்கம். அவுஸ்திரேலியாவில் சிறுவர்க்கென வகுத்த ஆட்டத்தில் 2.4 மீற்றர் கம்பமும் 4ஆம் இலக்கப் பந்தும் பயன்படுகின்றன. அதற்குத் தக்க காரணம் உண்டு. பத்து வயதுப் பிள்ளை 3.05 மீற்றருக்குப் பந்தை ஏற்ற வேண்டுமென்றால் இரண்டு கையாலும் நெஞ்சிலிருந்து தூக்கி வீசத்தான் வேண்டும், அந்தப் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் பிறகு மாற்றப் பல மாதம் பிடிக்கும். தாழ்ந்த கம்பம் கிடைக்காத இடத்தில் பழைய சைக்கிள் றிம் ஒன்றைக் கம்பியை எடுத்துவிட்டு வேப்பமரக் கிளையில் படுக்கையாகக் கட்டித் தொங்கவிடுங்கள். 38 சென்ரிமீற்றர் வளையத்தைவிட அது பெரியது. தொடக்கத்தில் அதுவே நல்லது.

முதல் இருபது நிமிடம் உடலைச் சூடாக்குவதற்கு. அதில் பாதியைக் குதித்துத் தரையிறங்கப் பழக்குவதற்குச் செலவிடுங்கள். இந்த ஆட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. ஓடி, எம்பிப் பிடித்து, அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அப்படித் திடீரென்று நிற்கும் கணத்தில்தான் கணுக்கால் பிசகுகிறது, முழங்கால் சவ்வு கிழிகிறது. அவுஸ்திரேலிய வலைப்பந்தாட்டச் சம்மேளனம் முழங்காலைப் பாதுகாப்பதற்கென்றே ஒரு பயிற்சித் தொடரை வகுத்து வெளியிட்டிருப்பதும் இதனால்தான். ஒரு பிள்ளையை எம்பிக் குதிக்கச் சொல்லிவிட்டு நேர் எதிரே குனிந்து அவளுடைய முழங்காலைப் பாருங்கள். தரையைத் தொடும்போது இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்ந்தால், அதுதான் திருத்த வேண்டிய பிழை. “முழங்கால் பெருவிரலுக்கு நேரே வரட்டும், இருக்கப் போவதுபோல இடுப்பைத் தாழ்த்து, சத்தம் வராமல் இறங்கு” என்று சொன்னால் போதும். சத்தம் வராமல் இறங்குவதைப் பிள்ளைகள் ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். செம்மண் தரையில் ‘தொப்’ என்று கேட்டால் அவர்களே ஒருவரையொருவர் திருத்துவார்கள்.

இதையடுத்துக் கால்விதியைச் சொல்லிக் கொடுங்கள், ஏனெனில் தொடக்கநிலையில் விசில் ஊதப்படுவது பெரும்பாலும் இதற்குத்தான். பந்துடன் முதலில் தரையைத் தொட்ட காலே நிலைக்கால். மற்றக் காலை எத்தனை தடவையும் எடுத்து வைத்துத் திரும்பலாம். நிலைக்காலைத் தூக்கலாம், ஆனால் அது மறுபடி தரையைத் தொடுமுன் பந்து கையை விட்டுப் போய்விட வேண்டும். இரண்டு காலும் ஒன்றாக இறங்கினால் எதை நிலைக்காலாக வைப்பது என்பதை ஆட்டக்காரரே தெரியலாம். வாயால் விளக்கினால் தலையாட்டுவார்கள், விளங்கியிருக்காது. நிலைக்காலின் கீழே மாவிலை ஒன்றை வைத்து, “இலை நகரக் கூடாது” என்று சொல்லித் திரும்பிப் பந்தெறியப் பழக்கினால் பத்து நிமிடத்தில் பிடிபடும். பந்தை மூன்று விநாடிக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்பதையும் அப்போதே சேர்த்து, தோழியைக் கொண்டு உரக்க எண்ண வையுங்கள். தடுப்பவர் 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதிக்கு நான் அந்த நீளத்தில் வெட்டிய பூவரசந் தடி ஒன்றை எப்போதும் கொண்டு செல்வேன். பந்து வைத்திருப்பவரின் நிலைக்காலுக்கும் தடுப்பவரின் கிட்டிய காலுக்கும் இடையே தடியைக் கிடத்திக் காட்டினால் அந்த இடைவெளி கண்ணில் பதிந்துவிடும்.

பந்தெறிதலில் நெஞ்செறி, தோளெறி, துள்ளெறி மூன்றும் போதும். ஒவ்வொன்றையும் நின்ற நிலையில் ஐந்து நிமிடத்துக்குமேல் பழக்காதீர்கள். உடனே ஒருவர் ஓட, மற்றவர் அவர் போகும் இடத்துக்கு எறியும்படி மாற்றிவிடுங்கள். நிற்பவளின் கைக்கு எறிவது எளிது. ஓடுபவளின் முன்னால் வெற்றிடத்துக்கு எறிவதே ஆட்டத்தில் உதவும்.

கோல் போடுவதை ஒவ்வொரு பிள்ளையும் பழக வேண்டும். போட்டியில் கோல் சூட்டரும் கோல் அற்றாக்கும் மட்டுமே கோல் போடலாம் என்பது முகாமுக்குப் பொருந்தாது. பந்து உள்ளங்கையில் அல்ல, விரல் நுனிகளில் இருக்க வேண்டும். முழங்கை வளையத்தை நோக்கியும், பந்து தலைக்கு மேலேயும் இருக்கட்டும். முழங்காலை மடித்து எழும் விசையிலேயே பந்து மேலே போக வேண்டும், மணிக்கட்டு கடைசியில் மெல்லச் சொடுக்க வேண்டும். கடந்த முகாமில் தரம் 6 பிள்ளை ஒருத்தி மூன்று மீற்றரில் நின்று இருபது தடவை எறிந்து ஒன்றுகூடப் போடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளை வளையத்துக்கு ஒரு மீற்றர் கிட்ட அழைத்து, கையை மறந்துவிட்டு முழங்காலை மட்டும் நினைக்கச் சொன்னேன். நான்காவது பந்து விழுந்தது. அதன்பின் மூன்று விழ விழ அரை அடி பின்னால் போகலாம் என்று ஒழுங்கு வைத்தோம். வெற்றி பெற்ற இடத்திலிருந்து பின்னோக்கி நகர்வதுதான் சரியான முறை. சோழகம் பலமாக வீசும் நாளில் கோல் பயிற்சியைக் காலையில் முதலிலேயே வைத்துவிடுங்கள்.

யாரை ஆடுகளத்தில் எந்த இடத்தில் நிறுத்துவது என்பது பற்றி என் கருத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர் உயரத்துடன் 2019 உலகக் கிண்ணத்தில் எல்லோரையும்விடக் கூடுதலான கோல்களைப் போட்டார். 2018இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோதும் அவரே முன்னின்றார். அது எங்களுக்குப் பெரிய பெருமை. ஆனால் அதைக் கண்ட பலர், உயரமான பிள்ளையைப் பத்து வயதிலேயே கம்பத்தடியில் நிறுத்தி, குட்டையான பிள்ளையை ஓர இடமான விங்கில் விட்டுவிடுகிறார்கள். பத்து வயதில் உயரமானவள் பதினாறில் நடுத்தர உயரத்தில் இருக்கலாம். அப்போது அவளுக்கு ஓடிப் பிடிக்கவும் தெரியாது, தடுக்கவும் தெரியாது. ஆகவே மூன்று நாளிலும் ஒவ்வொரு பிள்ளையும் ஏழு இடங்களிலும் நிற்கும்படி ஒரு அட்டவணையைத் தாளில் எழுதி மரத்தில் ஒட்டுங்கள். யார் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதைக் காட்டும் மேலாடை எழுத்துப் பட்டியை ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஒவ்வொரு நாளும் கடைசி நாற்பது நிமிடம் ஆட்டத்துக்கு. ஏழுக்கு ஏழு ஆடுவதைவிட, ஆடுகளத்தின் மூன்று பகுதியிலும் குறுக்காக நான்குக்கு நான்கு ஆடவிட்டால் இருபத்துநான்கு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். இரு ஓரத்திலும் ஒரு சதுரம் கீறி, அதற்குள் நிற்கும் தோழி பந்தைப் பிடித்தால் ஒரு புள்ளி. மூன்றாம் நாள் மட்டும் முழு ஆடுகளத்தில், எல்லா விதியுடனும் ஆடவிடுங்கள். அப்போது ஒரு மூத்த மாணவியின் கையில் விசிலைக் கொடுங்கள். நடுவர்கள் எங்கள் பக்கத்தில் மிகவும் குறைவு, அந்த ஆர்வம் இந்த வயதிலேயே வர வேண்டும்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் தண்ணீர். இடைவேளையில் மோர் அல்லது இலைக்கஞ்சி, வாழைப்பழம். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் இருப்பார்கள், ஆகவே தொடங்குமுன்னும் ஒரு பழம் கொடுங்கள். குளிர்ப்பெட்டியில் ஐஸ் இருக்கட்டும். கணுக்கால் பிசகினால் எண்ணெய் போட்டு உருவ விடாமல், துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிடம் வைத்து, இறுக்கிக் கட்டி, காலை உயர்த்தி வையுங்கள். ஊன்ற முடியாவிட்டால் உடனே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

கடைசி நாள் சான்றிதழ் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் நேரே பேசி, அவளுக்குக் கைவந்த ஒன்றையும் வீட்டு முற்றத்தில் பழக வேண்டிய ஒன்றையும் ஒரு சிறு தாளில் எழுதிக் கொடுங்கள். பாடசாலை ஆசிரியையிடம் பந்துகளையும் தொண்ணூறு சென்ரிமீற்றர் தடியையும் அட்டவணையையும் ஒப்படைத்து, கிழமையில் எந்த இரண்டு நாள் பின்னேரம் மைதானம் திறந்திருக்கும் என்பதை அவர் வாயாலேயே பிள்ளைகளுக்கு அறிவிக்கச் செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் ஒரு பின்னேரம் போய், முகாமுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் மைதானத்தில் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.