யாழ்ப்பாணத்து வளவில் வேம்பு வைக்கும் முறை

வளவில் ஒரேயொரு நிழல்மரத்துக்குத்தான் இடம் என்றால் அது வேம்பாக இருக்கட்டும். சுண்ணக்கல்லின் மேல் கொஞ்சச் செம்மண் கிடந்தாலே பிழைத்துக்கொள்ளும். மாசி, பங்குனியில் இலை கொட்டினாலும், சித்திரை வெயில் உறைக்கும்போது தளிர்த்து நிழல் விரித்திருக்கும். அதற்கு ஆகாதது வேரடியில் தேங்கும் தண்ணீர். மாரி வெள்ளம் நிற்கிற பள்ளக் காணிக்கு மருதுதான் சரி.

ஆனி, ஆடியில் மஞ்சளாய்ப் பழுத்த பழங்களை எடுத்து, அன்றே சதையைக் கசக்கிக் கழுவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, உடனே போடுங்கள். சில கிழமை போனாலே வேப்பம் விதை முளைக்கும் தன்மையை இழந்துவிடும். போத்தலில் பத்திரப்படுத்தி மழைக்குப் போடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு கலந்து ஒன்பது அங்குல உயரப் பொலித்தீன் பையில் நிரப்புங்கள். விதையைக் கிடையாக அரை அங்குல ஆழத்தில் வைத்தால் மூன்று கிழமைக்குள் முளைக்கும்.

ஐப்பசி மழையில் நிலம் நன்றாக ஊறியதும் நடலாம். கன்று ஓரடி இருந்தால் போதும். ஆளுயரக் கன்றைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்: பைக்குள் சுருண்ட ஆணிவேர் பிறகு நிமிராது, பெருங்காற்றில் மரம் சாயும்.

பின்னேர வெயிலை மறைக்க வீட்டுக்கு மேற்கே, சுவரிலிருந்து 20 அடி தள்ளி இடம் பாருங்கள். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 30 அடியாவது விடுங்கள்.

கிடங்கு இரண்டடி நீளம், அகலம், ஆழம். முக்கால்வாசி வளவுகளில் அதற்குள்ளேயே கல் தட்டும். அத்தோடு விட்டுவிடாமல் அலவாங்கால் குத்தி, வேர் இறங்க வெடிப்பு உண்டாக்குங்கள். இல்லாவிட்டால் வேர் பக்கவாட்டில் ஓடி அத்திவாரத்தையும் கிணற்றுக்கட்டையும் தேடிப் போகும். மேல்மண்ணோடு ஒரு கடகம் பழைய எருவைக் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் வேரை அவிக்கும்.

தையில் மழை விட்டதும் கிழமைக்கு இரண்டு தரம், தரத்துக்கு ஒரு வாளி. தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். இரண்டாம் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை, பிறகு தேவையில்லை. அடியில் சருகு பரப்பலாம், தண்டில் முட்டக்கூடாது.

ஆடு பெரிய தொல்லை. நுனியைக் கடித்துவிட்டால் மரம் பற்றையாகும். நான்கு கிளுவைக் கதியால் நட்டு, காவோலையால் சுற்றி அடையுங்கள்.

எட்டடி வரை ஒரே தண்டாக விடுங்கள். கவராய்ப் பிரிந்த மரம் சோழகத்தில் பிளக்கும். பக்கக் கிளைகளைக் கோடையில் கழிப்பது நல்லது, ஈரக் காலத்து வெட்டுவாயில் பூஞ்சணம் ஏறும். மாரி முடிவில் நுனிகள் கருகினால் அது பெரும்பாலும் தேயிலைக் கொசு என்கிற சாறுறிஞ்சும் பூச்சியின் வேலை, கூடவே பூஞ்சணமும் இருக்கலாம். பச்சை தெரியும் இடத்துக்கு நாலு அங்குலம் கீழே வெட்டி, வெட்டியதை எரித்துவிடுங்கள். வளர்ந்த மரம் தானே தேறிவிடும்.

பூக்கும் காலத்தில் அடியைக் கூட்டிப் பாய் விரித்தால் வடகத்துக்கு மண்படாத பூ கிடைக்கும்.