வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டிட்டாரா? முதல்ல வீடு எப்ப கட்டினது எண்டு பாருங்கோ

இலங்கையில வாடகையை வருசத்துக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல கூட்டக்கூடாது எண்டு சட்டம் இருக்காமே எண்டு கனபேர் கேக்கினம். எல்லா வீட்டுக்கும் பொதுவா அப்பிடி ஒண்டும் இல்லை. இருக்கிறது 1972ஆம் ஆண்டு 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், அதிலயும் 1980இல திருத்தம் வந்து, அதுக்குப் பிறகு கட்டி வாடகைக்குக் குடுத்த குடியிருப்பு வீடுகளை வெளியில எடுத்துட்டாங்க. கொழும்பில வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி புது ஃப்ளாட் எண்டால் அந்தச் சட்டத்தை வீட்டுக்காரரிட்டக் காட்டிப் பிரயோசனமில்லை.

கொட்டாஞ்சேனைப் பக்கம் பழைய வீட்டில கனகாலமா இருக்கிறீங்களா, அப்ப கதை வேற. வீட்டு வரிக்கான அசெஸ்மெண்ட் நம்பரோட போய், மாநகரசபை அந்த வரிக்காக வீட்டுக்குப் போட்டிருக்கிற வருடாந்தப் பெறுமதியை எடுங்கோ, சட்டப்படியான வாடகை அதில இருந்துதான் வரும், பிரச்சினை வந்தா அந்தச் சட்டப்படி வாடகைப் பிணக்கை விசாரிக்கிற வாடகைச் சபைக்குப் போகலாம். இதில ஒரு பொறி இருக்கு: "கூட்டின காசைத் தந்தாத்தான் வாங்குவன்" எண்டு வீட்டுக்காரர் சொல்லுவார், நீங்களும் சரி வாங்காட்டி விடட்டும் எண்டு சும்மா இருப்பீங்க, மூண்டு நாலு மாசம் போக வாடகை பாக்கி எண்டு வழக்குப் போடுவார். அவர் வாங்காட்டி மாநகரசபையில கட்டுங்கோ, சட்டம் அதை அவருக்கே கட்டினதாத்தான் எடுக்கும். ரசீதைப் பத்திரமா வையுங்கோ.

புது வீட்டில வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்கு அக்ரிமெண்ட் மட்டும்தான் துணை. ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை எண்டால் நொத்தாரிசு முன்னால எழுதவேணும், புரோக்கர் நீட்டுற கடதாசியில சும்மா சைன் வச்சா போதாது. "சந்தை நிலவரப்படி வாடகை கூடும்" எண்டு இருந்தா வெட்டச் சொல்லுங்கோ. இரண்டாம் வருசம் 10 வீதம் எண்டு பேசினா, 60,000 ரூபா 66,000 ஆகும் எண்டு தொகையாவே எழுதுங்கோ. வாடகையைக் கூட்டுறதெண்டா வீட்டுக்காரர் எத்தனை மாசம் முன்னால சொல்லவேணும் எண்டதையும் போடுங்கோ, அட்வான்ஸ் மாசாமாசம் கழியுமா கடைசியில திரும்புமா எண்டதையும்தான், சண்டை கூடுதலா அதிலதான் வாறது.

அக்ரிமெண்டே இல்லாம மாதவாடகைக்கு இருந்தா, வீட்டுக்காரர் கூட்டினதைத் தாங்க இல்லாட்டி எழும்புங்க எண்டு ஒரு மாச நோட்டீஸ் தரலாம். ஆனா பூட்டை மாத்தி, கரண்டை வெட்டி ஆளை வெளியில போட அவருக்கு உரிமை இல்லை, கோர்ட்டுக்குத்தான் போகவேணும். அதுக்காக அக்ரிமெண்ட் காலம் முடிஞ்சும் இருந்து இழுக்கலாம் எண்டு நினைக்காதீங்கோ, குத்தகைக்குக் குடுத்த இடத்தைக் கெதியா திரும்ப எடுக்க 2023இல தனிச்சட்டமே வந்திட்டுது.