கடற்கொள்ளையர் பாடினால் கால் வழுக்குகிறது

சென்ற வாரம் இரண்டு இளைஞர்கள் தாங்கள் எடுத்துவரும் அனிமேஷன் படத்தின் சில காட்சிகளைக் காட்டினார்கள். மந்திர வயலின், பாடும் கப்பல், அதைத் துரத்தும் கொள்ளையர் கூட்டம். கதை பிடித்திருந்தது. "பாட்டு இறுதியாகிவிட்டதா?" என்றேன். "இல்லை சார், மாதிரிப் பதிவை வைத்துத்தான் அசைத்திருக்கிறோம்" என்றார்கள். வயிற்றில் புளியைக் கரைத்தது.

கண்ணை மறைக்கும் கறுப்புத் துணி ஷாட்டுக்கு ஷாட் இடம் மாறுவது போன்ற பிழைகளை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிட்டு, இத்தகைய படங்களில் எளிதில் கண்ணில் படாத பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

மாதிரிப் பாட்டை நம்புவது

எனக்கு இது நேர்ந்திருக்கிறது. நங்கூர வடத்தைச் சுருட்டும் செங்குத்து உருளை. அதன் கழிகளைத் தள்ளியபடி எட்டுக் கொள்ளையர்கள் சுற்றிச் சுற்றிப் பாடுகிறார்கள். மாதிரிப் பதிவின் வேகம் நிமிடத்துக்கு 120 தாளத் தட்டு. நொடிக்கு 24 பிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து ஓடும் 24 தனிப்படங்கள், என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 12 பிரேம். இரண்டு பிரேமுக்கு ஓர் ஓவியம் வீதம் வரைந்தோம். ஒவ்வொரு காலடியும் தட்டின் மேல் கச்சிதமாக விழுந்தது. ஆறு வார வேலை.

பிறகு பாடகர் வந்தார். பாட்டு மூச்சு வாங்குகிறது என்று வேகத்தை 112-க்குக் குறைத்தார்கள். கேட்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆனால் தட்டுக்கு 12 பிரேம் இப்போது 12.86. முப்பத்திரண்டு தட்டுக்கு 384 பிரேம் போதுமாக இருந்த இடத்தில் 411 தேவைப்பட்டது. ஒரு நொடிக்கு மேல் பிசகு! நான்காவது வரிக்குள் கொள்ளையர்கள் பாட்டை விட்டுவிட்டுத் தனியே நடந்துகொண்டிருந்தார்கள்.

மென்பொருளில் இழுத்து நீட்டிப் பார்த்தோம். இரண்டு பிரேம் நின்ற ஓவியம் அங்கங்கே மூன்று பிரேம் நின்று, நடை நொண்டியது. உடலை மட்டும் நகர்த்தித் தாளத்தில் சேர்த்தோம்; பாதங்கள் மரத்தளத்தில் எண்ணெய் கொட்டியதுபோல் வழுக்கின. கடைசியில் முழுவதையும் மீண்டும் வரைந்தோம். இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது, அதிலும் என்மேல்தான். இசையமைப்பாளர் முதல் நாளே "வேகம் மாறலாம்" என்று சொல்லியிருந்தார்.

எனவே பாடகர் குரல் பதியும் வரை, காட்சிகளை வரிசையாகக் கோட்டோவியமாக வரைந்து வைக்கும் காட்சிப்பலகையோடு நில்லுங்கள். வேகம் முடிவானதை எழுத்தில் வாங்குங்கள். வேகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இசையமைப்பாளருடன் உட்காருங்கள்: 120 என்றால் 12 பிரேம், 90 என்றால் 16, 80 என்றால் 18. இவையெல்லாம் இரட்டை எண்கள். 96-க்கு 15 வரும். முழு எண்தான், ஆனால் இரண்டு பிரேம் வீதம் வரைபவருக்கு ஒன்றுவிட்ட தட்டு ஓவியத்தின் நடுவில் விழும்.

வில் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம்

வயலின் வாசிப்பவரை எதிரிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒலி மாறாதபோது வில் திசை திரும்பினால், வாசிக்கத் தெரிந்தவர் அரங்கிலேயே சிரித்துவிடுவார்.

கருவியின் வயது

எல்லாக் கொள்ளையர் கையிலும் ஓர் அக்கார்டியன்! அந்தப் பெயரில் அது காப்புரிமை பெற்றது 1829-ல், வியன்னாவில். பேர்பெற்ற கொள்ளையன் பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் 1722-லேயே இறந்துவிட்டான். இன்று நாம் கேட்கும் மாலுமிப் பாட்டுகளில் பெரும்பாலானவையும் 19-ஆம் நூற்றாண்டு வணிகக் கப்பல்களோடு சேர்ந்தவை. கற்பனைக் கதைதானே, தாராளமாக வையுங்கள், தெரிந்து வையுங்கள். தேடினால் கதையும் கிடைக்கும். ராபர்ட்ஸின் கப்பல் விதிகளாக 1724-ல் அச்சானவற்றில், இசைக்கலைஞர்களுக்கு ஓய்வுநாளில் விடுப்பு என்று ஒரு விதி உண்டு. மற்ற ஆறு நாளும், இரவும் பகலும், தனிச் சலுகை கிடைத்தாலொழிய ஓய்வில்லை. அப்படி ஓர் இசைக்கலைஞன் ஒருவனே ஒரு படத்துக்குப் போதும்.

மந்திர இசைக்கு விதி இல்லாமை

எந்த ராகம் புயலை நிறுத்தும், அதற்கு விலை என்ன? முதல் இருபது நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

தாளத்துக்கு ஆடும் கடல்

வேண்டாம். கப்பல் தொட்டிலாகிவிடும்.

அந்த இளைஞர்கள் நேற்று அழைத்தார்கள். இசையமைப்பாளர் வேகம் 104 என்கிறாராம். வரைவதை நிறுத்திவிட்டு அவரைப் போய்ப் பாருங்கள் என்றேன்.