சரக்கு இறங்கும்போது நடக்கும் தவறுகள்

காலை ஏழு மணிக்குப் பால் வண்டி, ஐஸ்கிரீம் வண்டி, மளிகை டெம்போ மூன்றும் ஒன்றாக வந்து வாசலில் நிற்கும். பெட்டிகளை எண்ணி, பில்லில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம். எண்ணிக்கை சரியாக இருந்தால் சரக்கும் சரியாக இருக்கும் என்று நினைப்பதுதான் கடைகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

உறைந்த பொருள் மைனஸ் 18 டிகிரியிலும், குளிரில் வைக்கும் பொருள் 5 டிகிரிக்கு மேல் போகாமலும் வந்து சேர வேண்டும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வாசலிலேயே மாட்டிவையுங்கள். பட்டாணி பாக்கெட் ஒரே கட்டியாக இருந்தாலோ, ஐஸ்கிரீம் ஒரு பக்கமாகச் சரிந்து இறுகியிருந்தாலோ, வழியில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். குளிரில் பெரும்பாலான கிருமிகள் சாவதில்லை, வளராமல் கிடக்கின்றன. 5 டிகிரியைத் தாண்டினால் பெருகத் தொடங்கும். அப்படிப் பெருகியதை மறுபடி உறையவைத்துக் குறைக்க முடியாது.

இதைவிடக் கொடுமை, கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் ஃப்ரீசரை அணைப்பது. கம்பெனியும் ஏஜென்டும் வழியெல்லாம் காப்பாற்றிக் கொண்டுவந்த குளிரைக் கடைசியில் நாமே கெடுக்கிறோம். மதியத்துக்குள் எல்லாம் மறுபடி கல்லாகிவிடும், வாங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. குழந்தைக்கு ஐஸ்கிரீம் வாங்கிப் போகிறவர் நம்மை நம்பித்தானே வாங்குகிறார்?

அடுத்தது மூட்டைச் சரக்கு. துவரம்பருப்பையும் மிளகாயையும் மூட்டையாக வாங்கி, கடையிலேயே அரை கிலோ, கால் கிலோவாகக் கட்டுகிறோம். மூட்டையைப் பிரித்ததும் அதன் லேபிள் குப்பைக்குப் போகிறது. பழைய மூட்டையின் மிச்சம் புது மூட்டையோடு கலக்கிறது. பிறகு ஒரு பாக்கெட்டில் வண்டு வந்தாலோ, பூஞ்சை வாடை அடித்தாலோ, எந்த மூட்டை, யார் கொடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத பொருளுக்கு விற்றவரே பொறுப்பு என்கிறது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 27-ஆவது பிரிவு. ஒரு பேட்ச்சில், அதாவது ஒரே தடவையில் தயாரான சரக்கில், கொஞ்சம் கெட்டிருந்தால், மீதி நல்லது என்று நிரூபிக்கும்வரை அந்த பேட்ச் முழுவதையும் கெட்டதாகவே கொள்ளவேண்டும் என்பதும் அதே சட்டம்தான். பேட்ச் தெரியாவிட்டால் ரேக்கில் இருப்பது அத்தனையையும் இறக்கவேண்டி வரும். லேபிளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் பாக்கெட் கட்டிய தேதியை எழுதுங்கள். பழைய மிச்சம் தீர்ந்த பிறகு புது மூட்டையைப் பிரியுங்கள். இரண்டு நிமிட வேலை.

'முதலில் வந்தது முதலில் போகட்டும்' என்று அடுக்குவதும் முழுக்கச் சரியில்லை. ஏஜென்ட் இன்று இறக்கியது, போன வாரம் வந்ததைவிட முன்னதாகவே காலாவதியாகலாம். வந்த நாளைப் பார்க்காமல் காலாவதித் தேதியைப் பார்த்து முன்னால் வையுங்கள். ரிட்டர்ன் போகவேண்டிய காலாவதிச் சரக்கை நல்ல சரக்கோடு ஒரே குடோனில் போட்டால், அவசரத்தில் பையன் எடுத்து அடுக்கிவிடுவான். அதற்குத் தனிப் பெட்டி வேண்டும், மேலே பெரிய எழுத்தில் 'விற்கக் கூடாது' என்று எழுதியிருக்க வேண்டும்.

மாம்பழ சீசனில் மண்டியில் விலையை மட்டும் கேட்காதீர்கள், எப்படிப் பழுக்கவைத்தது என்றும் கேளுங்கள். கார்பைடு கல்லுக்குத் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு வரை, பயன்படுத்தலாம். பதில் மழுப்பலாக வந்தால் அந்த லாட் வேண்டாம்.